பதினைந்து நாள் வராதவர்கள்

இந்த மாதம் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களாம். நம் கம்பெனி சார் போன் செய்து, வந்து பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் அக்கா என்றார். நாலு வார்த்தையில் முடிக்கிற ஆள் நான் இல்லை என்று அவருக்கும் தெரியும். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் கழித்து அந்த மாடிப்படி ஏறுவதற்கு என் முட்டியும் சம்மதிக்கவில்லை. அதனால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். படிக்கப் பிடிக்காதவர்கள் மடித்து மேசைக் காலுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம், அந்த ஜன்னலோர மேசை ரொம்ப நாளாக ஆடுகிறது.

சம்பளக் கம்பெனி என்று சொன்னால் கள்ளக்குறிச்சியில் பாதிப் பேர் வட்டிக்கு விடுகிற இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள். அரிசி ஆலை, பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை, செக்யூரிட்டி ஆள் அனுப்புகிறவர் என்று பல இடங்களின் வருகைப் பட்டியல் நமக்கு வருகிறது. நாம் சம்பளச் சீட்டு போடுகிறோம், பி.எஃப். பார்க்கிறோம், இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புகிறோம். இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வீர்கள், கம்ப்யூட்டரே பாதி சொல்லிக்கொடுக்கும். அது சொல்லிக்கொடுக்காத ஒரு சங்கதியை மட்டும் சொல்கிறேன். இதில் தப்பு செய்தது நான்தான். வேறு யார் தலையிலாவது கட்டுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அப்போது நாங்கள் ஆறு பேர். கீழே உரக்கடை, மேலே நாங்கள். வீட்டுக்குப் போனால் புடவையில் யூரியா வாசனை அடிக்கும். மாதத்தில் இருபதிலிருந்து இருபத்தைந்து தேதி வரைக்கும் யாரும் லீவு கேட்க முடியாது. என் நாத்தனார் மகள் கல்யாணத்தை இருபத்தாறுக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டு, அந்தக் குடும்பத்தில் இன்றுவரை என்னைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சரி, அது போகட்டும்.

உங்கள் சுவரில் கடிகாரத்துக்குக் கீழே ஒரு ஆணி இருக்கும் பாருங்கள். அதில் ஒரு நோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கேள்வி நோட்டு என்று பெயர். ஆரம்ப காலத்தில் நாங்கள் சின்னச் சின்னச் சந்தேகத்துக்கெல்லாம் ஆலைக்கும் கடைக்கும் போன் செய்துகொண்டே இருப்போம். உங்களிடம் வேலையைக் கொடுத்துவிட்டு நாங்களே உட்கார்ந்து பதில் சொல்வதா என்று அவர்கள் சார் காதைத் தின்றார்கள். அதனால் சார் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். போன் செய்து ஒரு சந்தேகம் கேட்டால் கேட்டவர் பெயரில் நோட்டில் ஒரு கோடு. இருபத்தைந்தாம் தேதியோடு அந்த மாதக் கணக்கு முடியும், யார் பெயரில் கோடு கம்மியோ அவருக்கு முதல் தேதி மட்டன் பிரியாணி, முட்டையோடு. நல்ல எண்ணத்தில் வந்த வழக்கம்தான். வேலையும் வேகமாக நடந்தது. நான் தொடர்ந்து நாலு மாதம் அந்தப் பொட்டலத்தை வாங்கியிருக்கிறேன். பிரியாணி பெரிதில்லை. மற்ற ஐந்து பேரும் பார்க்கப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வருகிற மிதப்பு இருக்கிறதே, அதற்கு விலை கிடையாது.

ஊருக்கு வெளியே இருந்த ஒரு அரிசி ஆலை என் பொறுப்பில் இருந்தது. நம் கம்பெனிக்கு அதுதான் பெரிய வாடிக்கை. அங்கே கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து தங்கி வேலை செய்தவர்கள் பதினோரு பேர். எல்லோரும் ஒரே ஊர், வெள்ளிமலைக்கும் அப்பால். ஆலையோடு நாம் பேசி வைத்த விதி ஒன்று உண்டு. லீவு எழுதாமல் ஒரு ஆள் தொடர்ந்து பதினைந்து நாள் வராவிட்டால் வேலையை விட்டுவிட்டார் என்று கணக்கு. கம்ப்யூட்டரில் அவர் வரிசை சிவப்பாக மாறி, நீக்கவா என்று கேட்கும். நீக்கினால் ஆலையின் கைரேகை மெஷினிலிருந்தும் இன்சூரன்ஸ் பட்டியலிலிருந்தும் அவர் பெயர் போய்விடும், அவர் குடும்பத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்காது.

அந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி பதினோரு வரிசை சிவப்பாக நின்றது. பதினோரு பேரும் ஒரே ஊர், ஒரே தேதியிலிருந்து ஆப்சென்ட். கண் தெரிகிற யாருக்கும் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் நோட்டில் என் பெயரில் இரண்டு கோடு, பக்கத்து மேசைக்கும் இரண்டு. சமமாக நின்றால் போன மாதம் வாங்கியவருக்கே பொட்டலம். இன்னொரு போன் செய்தால் பொட்டலம் கைமாறிவிடும். மலை ஆட்கள் கூட்டமாக மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போவது வழக்கம்தானே, போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினோரு தடவை பட்டனைத் தட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவர்கள் எங்கேயும் போகவில்லை. அவர்கள் ஊரில் பதினெட்டு நாள் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டி வெளியே தங்கக்கூடாது. இது மலையில் மட்டும் இல்லை, நம் பக்கத்து ஊர்களிலும் இருப்பதுதான், எனக்குத் தெரியாததும் இல்லை. போவதற்கு முன்னால் பதினோரு பேரும் ஆலை மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவரும் போய்விட்டு வாருங்கள் என்று தலையாட்டியிருக்கிறார். ஆனால் எங்கேயும் எழுதவில்லை. எழுதினால் மூட்டை ஏற்றுகிற நேரத்தில் பதினோரு பேரை ஏன் விட்டாய் என்று முதலாளி கேட்பார்.

இருபத்தெட்டாம் தேதி காலை பத்தரைக்கு அந்த மேனேஜர் எனக்குப் போன் செய்தார். சடையன் என்கிற ஆள் தன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து வந்திருக்கிறான், கள்ளக்குறிச்சியில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில் இருக்கிறான், இன்சூரன்ஸ் கார்டு செல்லாது என்கிறார்களாம், என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் அந்த வரிசையைத் திறந்து பார்த்தேன். நீக்கப்பட்டவர் என்று இருந்தது, பக்கத்திலேயே நீக்கியவர் என்று என் பெயரும் இருந்தது. சடையனின் நம்பரை வாங்கிப் பேசினேன். அதுவரை நான் அவர் குரலைக் கேட்டதில்லை.

"காலைல ஏழு மணிக்கு வுழுந்துச்சும்மா. தேர் மேல ஏறி நின்னுக்கினு இருந்துச்சு, வழுக்கிடுச்சு. கை அப்படியே மடங்கிப்போச்சு, வெரலெல்லாம் சில்லுனு இருக்குது. நானு இந்த வருசம் காப்பு கட்டினவன். சாமிகிட்ட சொல்லிட்டு அவுத்து வெச்சுட்டு எறங்கிட்டேன். கார்டு இருக்குதேன்ற தைரியத்துல வந்துட்டேன். இங்க இன்னாடான்னா நீ வேலையிலயே இல்லன்றாங்க."

பெண்ணுக்கு எட்டு வயது, பெயர் செல்வி. பிறகு டாக்டரே போனை வாங்கிப் பேசினார். முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்து ரத்தக்குழாயை நசுக்கிக்கொண்டிருக்கிறது, மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை, இரண்டு மணிக்குள் ஆபரேஷன் ஆரம்பித்தால் கையைக் காப்பாற்றலாம் என்றார். பணம் கட்ட முடியாவிட்டால் சேலம் அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், ஆனால் போய்ச் சேர்ந்து அங்கே தியேட்டர் ஏறுவதற்குள் அந்த நேரம் தாண்டிவிடும் என்றார். ஆஸ்பத்திரி கேட்ட முன்பணத்துக்கு எங்கள் ஆறு பேர் சம்பளத்தையும் கொட்டினால்கூடப் பாதி தேறாது. இன்சூரன்ஸ் கம்பெனி சம்மதம் அனுப்பினால்தான் கதவு திறக்கும். அடிபட்ட பிறகு ஒரு பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னால் அவர்கள் சும்மா சேர்க்கமாட்டார்கள், காரணம் கேட்பார்கள்.

மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். அவரிடம் ஒரு யோசனை இருந்தது.

"அக்கா, இருபதாம் தேதி அவன் வந்தான்னு ஒரே ஒரு நாள் போட்டுடுங்க. நடுவுல ஒரு நாள் வந்துட்டான்னா பதினஞ்சு நாள் கணக்கே வராது இல்ல. கம்ப்யூட்டர் தப்புன்னு அனுப்பிடலாம். நானும் இங்க நோட்டுல போட்டுக்கறேன்."

பிரமாதமான யோசனை. ஒரே ஒரு எழுத்து மாற்றினால் போதும், பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், யார் மேலும் பழி வராது. நான் ரொம்ப நேர்மையானவள் என்று நினைத்துவிடாதீர்கள், என் கை ஏற்கெனவே அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டது. ஒரு குழந்தையின் கை போகிறது என்கிற இடத்தில் ஒரு எழுத்து எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் என்னிடம் பயந்த சுபாவம் ஒன்று உண்டு, எதையும் மாற்றுவதற்கு முன்னால் மற்ற காகிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். சடையனைத் திரும்பக் கூப்பிட்டு ஆஸ்பத்திரியில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். பதினெட்டு நாள் திருவிழா, காப்புக் கட்டியதிலிருந்து ஊரைவிட்டு இறங்கவே இல்லை, இன்றைக்குத்தான் இறங்கினேன் என்று சொல்ல, டாக்டர் அதைச் சேர்க்கைச் சீட்டில் எழுதியிருந்தார். இருபதாம் தேதி ஆலையில் இருந்ததாக நான் அனுப்பி, மலையில் இருந்ததாக ஆஸ்பத்திரி அனுப்பியிருந்தால், பொய்க் கேஸ் என்று ஒரேயடியாக மூடியிருப்பார்கள். பிறகு யார் அழுதாலும் திறக்காது.

சாரிடம் போய் நின்றேன். ஆலைக்குப் போன் செய்து கேட்காமல் நான்தான் நீக்கினேன், அதையே எழுதி அனுப்பப்போகிறேன் என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. தப்பு நம்முடையது என்று எழுத்தில் கொடுத்தால் ஆலை கையைவிட்டுப் போகலாம், அது போனால் எங்கள் ஆறு பேரில் இரண்டு பேருக்கு வேலை இருக்காது. அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, அடிங்க, கையெழுத்து வாங்க நானே இட்டுக்கினு போறேன் என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு ஆயிரம் வருத்தம் உண்டு. அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை திட்டாததை மட்டும் மறக்கமாட்டேன்.

கடிதம் நாலு வரி. கீழ்க்கண்ட பதினோரு பேரும் வேலையை விடவில்லை, மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஊர்த் திருவிழாவுக்குப் போனார்கள், விசாரிக்காமல் நீக்கியது எங்கள் கம்பெனியின் தவறு, திரும்பச் சேர்க்க வேண்டுகிறோம். அதற்குக் கீழே, சொல்லிவிட்டுத்தான் போனார்கள் என்று ஆலையின் பக்கத்திலிருந்து ஒரு கையெழுத்து வேண்டும். ஆலைக்குப் போகும்போது மணி பன்னிரண்டு.

மேனேஜர் கடிதத்தை மூன்று தடவை படித்தார். பழியை நாங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்று விரல் வைத்துக் காட்டினேன். அவர் கண் பதினோரு பெயரில்தான் நின்றது. பாவம், அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.

"பதினோரு பேர்னா முதலாளி என்னை வூட்டுக்கு அனுப்பிடுவாருக்கா. ஒருத்தன்னா எதுனா சொல்லிச் சமாளிச்சுக்குவேன். சடையன் பேரு மட்டும் போட்டு எடுத்துக்கினு வாங்க, இப்பவே போடறேன்."

அப்போது மணி பன்னிரண்டே கால். அவரோடு சண்டை போடலாம், முதலாளியைக் கூப்பிடலாம், எதற்கும் நேரம் ஆகும். ஆலை ஆபீசிலேயே உட்கார்ந்து பத்துப் பெயரை அழித்துவிட்டு, ஒரு பெயரோடு மறுபடி அடித்துக் கொடுத்தேன். மற்றவர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சாரும் சொன்னார், நானும் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார். அங்கிருந்தே அனுப்பினேன்.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சின்ன வயதுக் குரலில் ஒரு பெண் சென்னையிலிருந்து கூப்பிட்டாள். காப்பு என்றால் என்ன மேடம் என்றாள். ஒரு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு அம்மன் திருவிழாவை அவளுக்கு முதலிலிருந்து சொன்னேன். இதை எந்தக் காரணத்தில் போடுவது, என் லிஸ்டில் இல்லையே என்றாள். சொல்லிவிட்டுப் போனார், அதனால் லீவு என்று போடம்மா, அது உண்மைதான் என்றேன். ஆஸ்பத்திரிச் சீட்டையும் பார்த்துக்கொண்டே பேசினாள் போலிருக்கிறது, ரெண்டும் ஒத்துப்போகிறது என்று முணுமுணுத்தாள். ஒன்று முப்பத்தைந்துக்குச் சம்மதம் வந்தது. இரண்டு மணிக்கு முன்னாலேயே செல்வியை உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம் சடையன் கூப்பிட்டு, விரல் சூடாகிவிட்டது, நாடி வந்துவிட்டதாம் என்றார். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

முதல் தேதி நோட்டை எண்ணினார்கள். சடையன் விஷயமாகப் பேசியதெல்லாம் இருபத்தைந்துக்குப் பிறகு, அது அடுத்த மாதக் கணக்கு. பிரியாணி எனக்குத்தான் வந்தது. சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு பெண்ணின் கையைக் காப்பாற்றியவள் என்று மற்ற ஐந்து பேரும் என்னைப் பார்த்த பார்வையும் நன்றாகத்தான் இருந்தது. அந்த ஒரு வாரமும் நான் அப்படித்தான் திரிந்தேன்.

ஆறாம் தேதி சடையன் ஆபீசுக்கு வந்தார். கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மாடி ஏறி வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த ஆள். உட்காரச் சொன்னேன். செல்விக்கு நாலு விரல் நன்றாக மடங்குகிறது, சுண்டுவிரல்தான் இன்னும் மரத்திருக்கிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, அதெல்லாம் எதற்கு என்று சொல்ல வாயைத் திறந்துகூட விட்டேன். அவர் வந்தது அதற்கில்லை.

"எங்க ஊர் ஆளுங்க பத்து பேரும் திருவிழா முடிச்சு எறங்கி வந்துட்டாங்கம்மா. ரேக வெச்சா மிஷினு எடுக்க மாட்டேன்னுது. கேட்டா பேரு இல்லன்றாங்க. என் பேரு மட்டும் எடுக்குது. அவங்க இன்னா தப்பு பண்ணாங்க?"

ஒன்பது நாளாக அந்தப் பத்துப் பேர் என் நினைவிலேயே வரவில்லை. வேண்டுமென்று விட்டிருந்தால்கூட அது ஒரு முடிவு என்று சொல்லிக்கொள்ளலாம். இது வெறும் மறதி. அவசரத்தில் ஒருவருக்காகச் செய்வது தப்பு இல்லை, அன்றைக்கு அதைத் தவிர வழியும் இல்லை. மறுநாள் காலை உட்கார்ந்து மற்ற பத்தையும் முடித்திருக்க வேண்டும். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். யார் கத்துகிறாரோ அவர் வரிசையைச் சரிசெய்துவிட்டு, நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுவீர்கள். கத்தாதவர்கள் அதே வரிசையில் அப்படியே நின்றுகொண்டிருப்பார்கள்.

சார் சடையன் முன்னாலேயே ஆலை முதலாளிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். அந்த முதலாளி இரண்டு நிமிஷம் கத்தினார், அவ்வளவுதான். சேர்த்துவிடுங்கள் என்று வைத்துவிட்டார். நாங்கள் எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தது அந்த இரண்டு நிமிஷத்துக்குத்தான். நான் ஒவ்வொரு வரிசையாகத் திறந்து சேர்த்துக்கொண்டே வந்தேன். சடையன் எழுந்து வந்து பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தார். நான் பெயரைப் படிக்கப் படிக்க, ஆமாம் என்று தலையாட்டினார். ஒன்பது பேர் முடிந்து, சாக்குத் தைக்கிற வேலை, அலமேலு என்று படித்தேன். அவர் தலையாட்டவில்லை.

"அது போயிடுச்சும்மா. எல்லாருக்கும் முன்னாடி அதுதான் மொதல்ல எறங்கி வந்துச்சு. பேரு இல்லன்னு கேட்லயே சொல்லிட்டாங்க. ரெண்டு நாள் கேட்டாண்டயே ஒக்காந்துக்கினு இருந்துச்சு. புருசன் இல்லாத பொண்ணு, இன்னா பண்ணும்? ரெண்டு புள்ளைங்களயும் பள்ளிக்கூடத்துலருந்து நிறுத்தி இட்டுக்கினு, மொளகு பறிக்கற வண்டில ஏறிப் போயிடுச்சு."

போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பெண்ணிடம் போன் கிடையாது என்றார். எந்த எஸ்டேட் என்று அவருக்கும் தெரியவில்லை. நான் அலமேலுவின் பெயரையும் சேர்த்தேன், திரும்பி வந்தால் இருக்கட்டும் என்று. சடையன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வரேம்மா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி அலமேலுவின் வரிசை மட்டும் சிவப்பாக நின்றது. நான் ஆலைக்குப் போன் செய்து கேட்டேன். வரவில்லை என்றார்கள். சடையனிடமும் கேட்டேன், ஊருக்கும் வரவில்லை என்றார். நீக்கினேன். இந்தத் தடவை பட்டியலில் தப்பு எதுவும் இல்லை.